சென்னைக் கல்லூரிகளின் பெயரும் நம் பிள்ளைகளும்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கும், ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சியை நடத்தும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். சென்னையிலுள்ள கல்லூரிகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று ஒரே வரிசையாக அச்சடித்துப் பிளஸ் டூ பிள்ளைகளிடம் சில பள்ளிகளில் கொடுக்கிறார்கள். வேறு சில இடங்களில் மேடையிலேயே வாசிக்கிறார்கள். அந்தத் தாளை இந்த ஆண்டு கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் எதைக் கொடுக்கலாம் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் காரிமங்கலம் பக்கத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். ரிசல்ட் வந்த நாளிலிருந்து கவுன்சலிங் முடியும்வரை ஊரிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். “அக்கா, லயோலா பெருசா, எம்.சி.சி. பெருசா?” “மேடம், எஸ்.எஸ்.என்.ல சிவில் வருது, வேற காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் வருது, எதுக்கு மேடம் பேரு அதிகம்?” “ஏம்மா, இது நல்ல காலேஜுன்னு நாலு பேர் சொல்வாங்களா?” கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. தருமபுரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் ரயிலே கிடையாது. மொரப்பூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டும். அவ்வளவு தூரம் பிள்ளையை அனுப்பும் குடும்பம், போகிற இடத்தின் பெயர் பெரிதா என்று கேட்கத்தான் செய்யும். கேள்வி நியாயமானது. அதற்கு நாம் கொடுக்கிற பதில்தான் சரியில்லை.

கல்லூரியின் பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பெரும்பாலும் அந்தப் பெயரை ஏற்கெனவே அனுபவித்துவிட்டவர்கள்தான். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த பையனின் விண்ணப்பத்தை நிறுவனம் கொஞ்சம் நின்று பார்க்கும். பெரிய நிறுவனங்கள் எல்லாக் கல்லூரிக்கும் ஆள் எடுக்க வருவதில்லை, சில கல்லூரிகளுக்குத்தான் வருகின்றன. பக்கத்து இருக்கையில் உட்காரும் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்பதும் ஒரு மாணவரை மாற்றும். ஆனால் சென்னையில் ‘பேர் பெற்ற காலேஜ்’ என்று சொல்லும்போது, பழைமை, கட்-ஆஃப், தரவரிசை எண், வேலைவாய்ப்பு, அங்கே படிக்கும் குடும்பங்களின் வசதி என ஒன்றோடொன்று ஒட்டாத பல விஷயங்களை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நம் பிள்ளைக்கு இவற்றில் எது உதவும், எது உதவாது என்று பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். வீட்டில் சொல்ல ஆள் இல்லை.

பழைமையை முதலில் பார்ப்போம். கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794இல் ஆரம்பித்த நில அளவைப் பள்ளி. சென்னை மருத்துவக் கல்லூரி 1835, எம்.சி.சி. எனப்படும் கிறித்தவக் கல்லூரி 1837, மாநிலக் கல்லூரி 1840. இராணி மேரி கல்லூரி 1914இல் வந்தது, லயோலா 1925இல். சர் சி.வி. ராமனும் சந்திரசேகரும் மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டம் படிக்கச் சேர்ந்ததும் மாநிலக் கல்லூரியில்தான். இதையெல்லாம் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள், பெருமையோடு சொல்லுங்கள். ஆனால் அந்தத் துறையில் இப்போது எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் காலி, ஆய்வுக்கூடம் வேலை செய்கிறதா என்பதற்குப் பழைமை பதில் சொல்லாது. சட்டக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி என்றால் நம் ஊர்ப் பெரியவர்கள் மனதில் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய அந்தச் செங்கல் கட்டடம்தான் வரும். 2018 முதல் வகுப்புகள் நடப்பது பட்டறைப்பெரும்புதூரிலும் புதுப்பாக்கத்திலும். ஒன்று திருவள்ளூர் மாவட்டம், இன்னொன்று செங்கல்பட்டு மாவட்டம். அங்கே படிப்பு நன்றாக இருக்கலாம். ஆனால் ஹைகோர்ட் வாசலில் தங்கிப் படிக்கப் போகிறோம் என்ற எண்ணத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளைக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தருமபுரியிலேயே ஓர் அரசு சட்டக் கல்லூரி இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. கலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி தொடங்கியது 1996இல். இன்று கவுன்சலிங்கில் கிண்டியையும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யையும் எழுதிய கையோடு பிள்ளைகள் அதைத்தான் எழுதுகிறார்கள். அதைவிட வயதில் மூத்த எத்தனையோ பொறியியல் கல்லூரிகள் அந்தப் பேச்சிலேயே இல்லை. ஆக, நீங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் கேள்விப்பட்ட வரிசையை இன்றைய பிள்ளைக்குச் சொன்னால் அது பழைய வரிசைதான்.

அடுத்தது கட்-ஆஃப். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 எனக் கூட்டி 200க்குக் கணக்கிடுகிறோம். போன ஆண்டு ஒரு துறையில் கடைசி இடம் எத்தனை மதிப்பெண்ணில் முடிந்ததோ அதைக் கட்-ஆஃப் என்கிறோம். அந்த எண், அந்த இடத்துக்கு எவ்வளவு பேர் ஆசைப்பட்டார்கள் என்பதைத்தான் காட்டும். பாடம் எப்படி நடக்கிறது என்பதை அது அளப்பதே இல்லை. எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிற காலத்தில், நேற்று முளைத்த கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பழைய நல்ல கல்லூரியின் சிவிலைவிட அதிகக் கட்-ஆஃப் நிற்கும். அதைப் பார்த்து அந்தப் புதுக் கல்லூரி பெரியது என்று எழுதினால் அது தவறான தகவல். கல்லூரிக்கு ஒரே கட்-ஆஃப் என்று ஒன்று கிடையவே கிடையாது. துறைக்குத் துறை வேறு, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் பிரிவு வேறு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கு 2021இல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனித் தரவரிசை, தனி இடங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்களான கிண்டிக்கும் குரோம்பேட்டைக்கும் இது பொருந்தும். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. அப்படியிருக்க, பொதுப் பிரிவின் கட்-ஆஃபை மட்டும் அச்சடித்து ஒட்டினால் என்ன ஆகிறது? 160 எடுத்த பிள்ளை அந்தத் தாளைப் பார்க்கிறது. கிண்டிக்கு நேராக 199, 198 என்று இருக்கிறது. ‘நமக்கு இது இல்லை’ என்று முடிவு செய்து அந்தப் பெயரை விருப்பப் பட்டியலில் எழுதாமலே விட்டுவிடுகிறது. எழுதாத கல்லூரி ஒருபோதும் கிடைக்காது. கவுன்சலிங்கில் இதைவிடக் கொடுமையான இழப்பு வேறு இல்லை, ஏனென்றால் யாரும் மறுக்காமலே அந்த இடம் கைவிட்டுப் போகிறது. பொதுப் பிரிவுக்குப் பக்கத்தில் 7.5க்கு ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும். ஆசிரியர் ஒருவர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

இன்னொன்றும் சொல்லுங்கள். கிண்டியில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் படிக்க 2010இல் வழி செய்தார்கள். ‘இங்கிலீஷ் வராது, அதனால் சென்னைப் பெரிய காலேஜ் வேண்டாம்’ என்று பயப்படும் பிள்ளைக்கு இந்தச் செய்தியை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சரி, தரவரிசைக்கு வருகிறேன். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016 முதல் வருகிறது. கற்பித்தலும் வசதிகளும், ஆய்வு, பட்டம் பெற்றவர்களின் நிலை, எல்லாத் தரப்பினருக்கும் இடம், மற்றவர்கள் மனதில் உள்ள மதிப்பு என ஐந்து தலைப்பில் மதிப்பெண் போடுகிறார்கள். பொறியியல் பட்டியலில் ஆய்வுக்கு மட்டும் 100க்கு 30. கட்டுரைகள், காப்புரிமை, ஆராய்ச்சி மாணவர் எண்ணிக்கை எல்லாம் அதற்குள் வரும். ஒரு நிறுவனத்தை மதிப்பிட அது தேவைதான். ஆனால் பி.இ. முதலாண்டில் சேரும் பாலக்கோட்டுப் பையனின் வகுப்பறைக்கு அதில் எவ்வளவு வந்து சேரும் என்பது தனிக் கேள்வி. அதைவிடப் பெரிய குழப்பம், பட்டியல் ஒன்று அல்ல என்பது. ஒட்டுமொத்தம், பல்கலைக்கழகம், பொறியியல், கல்லூரி என்று தனித்தனி. ஒரு நிறுவனம் தன் விளம்பரத்தில் ‘இந்திய அளவில் இத்தனையாவது’ என்று போட்டால், எந்தப் பட்டியலில், எந்த ஆண்டில் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

அந்தக் கல்லூரிப் பட்டியலில் 2022லும் 2023லும் இந்தியாவில் மூன்றாவது இடம் பெற்றது எது தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரி. மெரினாவுக்கு எதிரே இருக்கும் அரசுக் கல்லூரி. கட்டணம் மிகக் குறைவு, ஒற்றை விண்ணப்பத்தில் ஆன்லைனிலேயே கேட்கலாம். நம் ஊரில் இதைச் சொன்னால், “அது கவர்மெண்டு காலேஜுதானே மேடம்” என்கிறார்கள். ராமன் படித்த கல்லூரியை, நாட்டின் மூன்றாமிடம் பெற்ற கல்லூரியை, கட்டணம் குறைவு என்பதற்காகவே குறைத்து நினைக்கிறோம். பணம் அதிகமாகக் கேட்டால் படிப்பும் அதிகம் என்ற எண்ணம் நம் மாவட்டங்களில் வேரூன்றிவிட்டது. இதை உடைக்க வேண்டிய இடம் அரசுப் பள்ளி. அங்கேயே அரசுக் கல்லூரியின் பெயரைக் கடைசியில் போட்டால் வேறு யார் உடைப்பார்கள்?

என்.ஐ.ஆர்.எஃப். எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுத்திருக்கும் விவரத்தாள். அது இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், மீடியன் சம்பளம் எவ்வளவு, பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவர் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிளெக்ஸ் பேனரில் போடும் அதிகபட்ச பேக்கேஜ் ஒரே ஒரு பையனுடையது. வேலை கிடைத்த எல்லோருடைய சம்பளத்தையும் சிறியதிலிருந்து பெரியது வரை எழுதினால் நடுவில் வரும் தொகைதான் மீடியன். பள்ளிக் கணக்குதான், பிள்ளைகளுக்கே புரியும். அதைப் பார்த்த பிறகு சில பெரிய பெயர்கள் சிறுத்துப் போகும், சில சிறிய பெயர்கள் நிமிரும். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளுக்கெல்லாம் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் ஒன்றுதான் என்பதால், அவற்றை ஒப்பிட இதைவிட நேரான அளவு இல்லை.

கலை, அறிவியல் கல்லூரிகளில் வேறொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சென்னையின் பெயர் பெற்ற பழைய கல்லூரிகள் பல, அரசு உதவி பெறும் கல்லூரிகள். அதே வளாகத்தில், அதே பெயரில், சுயநிதிப் பிரிவும் நடக்கும். பல இடங்களில் எய்டட் வகுப்பு காலையில், செல்ஃப் ஃபைனான்ஸ் வகுப்பு மதியத்துக்கு மேல். எய்டட் பிரிவு ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது, மாணவருக்குக் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் கட்டணம் பல மடங்கு. சான்றிதழில் கல்லூரிப் பெயர் ஒன்றுதான். நம் ஊரிலிருந்து போகும் குடும்பத்துக்கு இப்படி இரண்டு வாசல் இருப்பதே தெரியாது. பெயரைக் கேட்டதும் மகிழ்ந்து, முதல் வந்த அழைப்பில் பணம் கட்டிவிடுகிறார்கள். லயோலாவா எம்.சி.சி.யா என்று கேட்கும் பிள்ளைக்கு என் முதல் பதில், “எந்தத் துறை, எந்தப் பிரிவு?” என்பதுதான். தாம்பரத்தில் காடு போல விரிந்த எம்.சி.சி. வளாகத்தில் தாவரவியலும் விலங்கியலும் படிப்பது ஓர் அனுபவம். சி.ஏ. கனவோடு பி.காம். படிக்க வேண்டுமென்றால் மயிலாப்பூர் விவேகானந்தாவைப் பற்றிச் சென்னையில் தனி மரியாதை உண்டு. இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கே இடமில்லை.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் விஷயத்தில் நீங்கள் கண்டிப்பாகப் பேச வேண்டும். அவற்றில் நல்லவையும் உண்டு, பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும் இடங்களும் உண்டு. ஆனால் அவை அரசின் ஒற்றைச்சாளரக் கவுன்சலிங்குக்குள் வருவதில்லை. 7.5 சதவீதச் சலுகை அங்கே கிடையாது, முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் கிடையாது. இந்த இரண்டும் கவுன்சலிங் வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். பெங்களூருக்கும் இதே கதைதான். கிருஷ்ணகிரிக்குச் சென்னையைவிட அதுதான் கிட்டம், ஓசூர்க்காரருக்கோ பக்கத்து வீடு மாதிரி. ஏஜெண்டுகள் வீடு தேடி வருகிறார்கள். மாநில எல்லையைத் தாண்டினால் இந்தச் சலுகைகள் கூடவே வராது என்பதை அவர்கள் சொல்வதில்லை. மாந்தோப்பை அடமானம் வைத்துக் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். ‘சென்னைல பெரிய காலேஜ்’ என்று ஊரில் சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்தப் பிள்ளைக்குச் சலுகையோடு ஓர் அரசுக் கல்லூரி இடம் கிடைத்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு மிகவும் வலிப்பது பெண் பிள்ளைகள் விஷயம். நம் மாவட்டங்களில் பெண்ணைச் சென்னைக்கு அனுப்ப அப்பா சம்மதிக்க வேண்டுமென்றால், கல்லூரிப் பெயரைக் கேட்டதும் ஊரில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவ்வளவு பெரிய பெயராக இருக்க வேண்டும். ஸ்டெல்லா மேரிஸ், எத்திராஜ் என்றால் ஒருவேளை யோசிப்பார்கள். பாரதி மகளிர் கல்லூரி என்றாலோ, காயிதே மில்லத் மகளிர் கல்லூரி என்றாலோ “கேள்விப்பட்டதே இல்லையே” என்பார்கள். இரண்டும் சென்னை நகருக்குள் இருக்கும் அரசு மகளிர் கல்லூரிகள். வேதியியலில் இப்படி ஓர் அரசு மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்த பெண் ஒருத்தி எனக்குத் தெரியும். பள்ளியில் கொடுத்த ‘சிறந்த கல்லூரிகள்’ தாளை அவள் அப்பா மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் இந்தப் பெயர் இல்லை. “இதுல இல்லியேம்மா, அப்ப எதுக்கு அவ்ளோ தூரம்?” என்றார். நான் எவ்வளவோ பேசினேன். அந்தத் தாளை எழுதிய ஆசிரியர் மனதில் கெட்ட எண்ணம் துளியும் இருந்திருக்காது. ஆனால் அது ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தும் காகிதமாகிவிட்டது. அடுத்த ஆண்டே கல்யாணம் ஆயிற்று.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. பணத் தடை ஓரளவு குறைந்திருக்கிறது. பெயர்த் தடையைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் மேடையேறி, “இராணி மேரி கல்லூரி 1914இல் சென்னையில் பெண்களுக்காகத் தொடங்கிய முதல் கல்லூரி. பாரதி மகளிர் கல்லூரி அரசுக் கல்லூரி. விடுதியும் பாதுகாப்பும் இப்படி இப்படி இருக்கின்றன” என்று தலைமை ஆசிரியர் வாயால் சொன்னால் அப்பாக்கள் கேட்பார்கள். என் பேச்சைவிட உங்கள் பேச்சுக்கு ஊரில் மதிப்பு அதிகம்.

யாரும் வரிசையில் எழுதாத இடங்களும் சென்னையில் இருக்கின்றன. கணித ஆசிரியை என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் அதிகம். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது, 1989இல் தொடங்கியது. கணிதத்தையும் கணினி அறிவியலையும் சேர்த்து இளநிலையில் படிக்கலாம். உலகத்துக் கணிதக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் மரியாதையோடு பார்ப்பார்கள். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. நம் மாவட்டத்தில் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுக்கும் பிள்ளைகளில் அதன் பெயரைக் கேட்டவர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டுக்கு வீடு மாடு நிற்கும் ஊர் நமது. மருத்துவம் கிடைக்காவிட்டால் வாழ்வே போயிற்று என்று அழும் பிள்ளைக்கு இதை முன்பே அறிமுகம் செய்திருக்க வேண்டாமா? கிண்டி வளாகத்திலேயே இருக்கும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் (ஏ.சி. டெக்) தோல் தொழில்நுட்பம் இருக்கிறது, அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஆம்பூரும் வாணியம்பாடியும் நமக்குப் பக்கம். ஓவியம் வரும் பிள்ளைக்கு 1850இல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய ஆன்லைன் பி.எஸ். (இளநிலைப் பட்டம்) படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. பென்னாகரம் அரசுக் கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் சேர்த்துப் படிக்கலாம், 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களுக்கு அனுமதி உண்டு. வரிசை எண் தாளில் இவை எதற்கும் இடமில்லை, ஏனென்றால் இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

நம் சொந்தக் கல்லூரிகளைப் பற்றி மேடையில் பேசும் விதமும் மாற வேண்டும். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994இல் வந்தது, செட்டிக்கரையில் 2013இல் வந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு கலைக் கல்லூரிகள் அறுபது ஆண்டுகளாக இருக்கின்றன. தருமபுரி மருத்துவக் கல்லூரி 2008 முதல், கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி 2022 முதல். சென்னையில் இடம் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்ற தொனியில் இவற்றைச் சொல்லும்போது, அங்கே சேரும் பிள்ளை முதல் நாளே தோற்றவனாக உள்ளே போகிறான். ஓசூரில் டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. இத்தனை தொழிற்சாலைகளுக்கு நடுவில் பர்கூரில் மெக்கானிக்கலோ எலெக்ட்ரானிக்ஸோ படிப்பது சென்னையின் ஓரத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் படிப்பதைவிடக் குறைவு என்று யார் முடிவு செய்தது? சென்னைக் கல்லூரி என்று சொல்லப்படுபவற்றில் பல ஸ்ரீபெரும்புதூரிலும் திருவள்ளூரிலும் செங்கல்பட்டிலும் இருக்கின்றன. பிள்ளை சென்னையைப் பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறைதான்.

இனி நான் கேட்பது. வரிசை எண் போட்ட தாளுக்குப் பதிலாகத் துறைவாரியாக ஒரு தாள் போடுங்கள். பி.எஸ்சி. கணிதம் என்றால் நம் மாவட்டம், சேலம், சென்னை எல்லாவற்றிலும் அது எங்கெங்கே இருக்கிறது, அரசா, எய்டட்டா, சுயநிதியா, போன ஆண்டு ஒவ்வொரு இடஒதுக்கீட்டுப் பிரிவிலும் (தொழிற்படிப்பு என்றால் 7.5 உட்பட) எதில் முடிந்தது, முதலாண்டுச் செலவு மொத்தம் எவ்வளவு, விடுதி இருக்கிறதா, இல்லையென்றால் பக்கத்தில் அரசு விடுதி உண்டா, மீடியன் சம்பளம் எவ்வளவு என்பது வரை. பொறியியல் துறை என்றால் அந்தத் துறைக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்றும் சேருங்கள். தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பான நாக் (NAAC) தரும் தரம் கல்லூரி முழுமைக்குமானது, என்.பி.ஏ. துறைக்குத் துறை கொடுப்பது. கல்லூரிப் பெயர்களை அகர வரிசையில் எழுதுங்கள்.

அந்தத் தாளில் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் கல்லூரியில், அந்தத் துறையில் நம் பள்ளியிலிருந்து போய் இப்போது படிக்கும் அண்ணன், அக்கா யாராவது இருந்தால் அவர்களைப் பள்ளிக்கு வரவழைத்துப் பேசவையுங்கள். அவர்களிடம் பிள்ளைகள் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் முதல் செமஸ்டரில் அரியர் இல்லாமல் தேறுகிறார்களா, தேறாதவர்களுக்கு அங்கே யாராவது தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்களா? வகுப்பில் நின்று பாடம் நடத்துபவள் என்ற முறையில் சொல்கிறேன், நம் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி நல்லதா என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் அளவு எதையும் நான் பார்த்ததில்லை. பெரிய பெயர் உள்ள சில துறைகளில் முதல் செமஸ்டரிலேயே நம் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போய் வாயை மூடிக்கொள்கிறார்கள். பெயர் தெரியாத சில துறைகளில் ஓர் ஆசிரியர் சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து அவர்களை எம்.எஸ்சி. வரை கொண்டுபோய் விடுகிறார்.

இந்தத் தாளைத் தயாரிக்க ஆள் வேண்டுமென்றால், சென்னையில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்து ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம். கோடை விடுமுறையில் ஊருக்கு வருகிறோம். எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வந்து உட்கார்ந்து கட்டங்களை நிரப்பித் தருகிறேன். கணிதத் துறைக்கான தாளை ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டேன். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே அது உங்கள் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். ரிசல்ட் வந்த மறுநாளே பக்கத்து வீட்டு மாமாவும் ஏஜெண்டும் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்து சென்னையில் கணிதம் நடத்தும் ஓர் ஆசிரியை